உயில் வந்த வழி

கோலசிலாங்கூர் நில அலுவலகத்தில் ஒரு காலை நேரம். கணவரைப் பறிகொடுத்த தோட்டத்துப் பாட்டி ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரே இருக்கும் மலாய் அதிகாரி "வாரிஸ் யார் யார்?" என்று மலாயில் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் பேரன் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் பாட்டியே பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அடுத்து அதிகாரி "சக்சி" என்கிறார். பாட்டி திரும்பி, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறார்.

அந்த மேசையில் புழங்கும் சொற்கள் எல்லாமே கப்பலேறி வந்தவை. மலாயின் வாரிசும் தமிழின் வாரிசும் அரபியிலிருந்து வந்த ஒரே சொல். சக்சியும் சாட்சியும் சமஸ்கிருதத் தாய்க்குப் பிறந்த இரட்டையர். சொத்துக்கு மலாயில் ஹர்த்தா என்பார்கள். நம் அர்த்தம்தான் அங்கே போய் அப்படி ஆயிற்று. உயில் மட்டும் வேறு திசையிலிருந்து வந்தது. அது ஆங்கிலத்தின் 'வில்'. தமிழில் வில் என்றால் அம்பு எய்கிற வில் என்பதாலோ என்னவோ, வாய்க்கு இசைந்தபடி உருண்டு உயில் ஆகிவிட்டது. மலாயில் அதற்கு வாசியாட். அதுவும் அரபிச் சொல்லே. சொல்லே இவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது என்றால், அந்தத் தாளில் எழுதும் வழக்கம் எத்தனை துறைமுகம் பார்த்திருக்கும்!

பயணத்தின் தொடக்கத்தில் நமக்குப் பெயர் தெரிகிற ஒருவர் ஏதென்ஸ் நகரத்து சோலோன். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டம் இயற்றியவர். அதற்கு முன்பு செத்தவரின் சொத்து குடும்பத்தை விட்டு வெளியே போகாது. பிள்ளை இல்லாதவர் தான் விரும்பியவருக்குச் சொத்தைக் கொடுக்கலாம் என்று சோலோன் கதவைத் திறந்துவிட்டார். அதற்கு நிபந்தனையும் வைத்தார்: நோயின் மயக்கத்தில், மருந்தின் மயக்கத்தில், சிறையில், அல்லது மனைவியின் வற்புறுத்தலில் எழுதியது செல்லாது. புளூட்டார்க் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். 'சுயநினைவோடும் யாருடைய கட்டாயமும் இல்லாமலும்' என்று இன்றைய உயில்களில் வரும் வரிக்கு மூதாதை அங்கே இருக்கிறது. பிள்ளை இல்லாதவருக்காகத்தான் இது தொடங்கியது என்பதை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் கோலசிலாங்கூர் வரும்போது இது தேவைப்படும்.

ரோமாபுரியில் உயில் எழுதுவது ஒரு சந்தை வியாபாரம் போல நடந்தது. வயது வந்த ரோமக் குடிமக்கள் 5 பேர் சாட்சிக்கு நிற்பார்கள். ஆறாவது ஆள் கையில் தராசு. ஏழாவது ஆள் சொத்தை 'விலைக்கு வாங்குகிறவர்'. அவர் ஒரு வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, அதை விலையாகக் கொடுத்துவிடுவார். நாணயம் வருவதற்கு முன்பு உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தின் மிச்சம் அது. பிறகு சொத்துக்காரர் மெழுகு பூசிய பலகைகளைக் கையில் ஏந்தி, இதில் எழுதியபடியே கொடுக்கிறேன் என்று அறிவிப்பார். காலப்போக்கில் தராசு போயிற்று, வெண்கலம் போயிற்று. 7 பேரின் முத்திரை பதித்த பலகை போதும் என்றாயிற்று. யாரும் வாங்கவில்லை, யாரும் விற்கவில்லை. ஆனால் பலர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்த்தார்கள் என்ற ஒன்று மட்டும் தங்கிவிட்டது. இன்று மலேசியாவில் 2 சாட்சிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறோமே, அந்தப் பழக்கத்தின் பழைய முகம் இதுதான்.

இங்கிலாந்தில் நிலத்தை உயிலில் எழுத 1540இல்தான் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் வழிவிட்டது. 1677இல், வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்தது போதும் என்று, நில உயில் எழுத்தில் இருக்க வேண்டும், நம்பத்தக்க சாட்சிகள் வேண்டும் என்று விதித்தார்கள். அங்கே ஒரு விபத்து நேர்ந்தது. 1740களில் ஒரு வழக்கில், சாட்சி ஒருவருக்கு அந்த உயிலால் ஆதாயம் இருக்கிறது, ஆகவே அவர் நம்பத்தக்கவர் அல்ல என்று சொல்லி முழு உயிலையே நீதிமன்றம் தள்ளிவிட்டது. அப்படிப் பார்த்தால் நாட்டில் பாதி உயில் செல்லாதே என்று பதறிப்போய், 1752இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: உயில் செல்லும், ஆனால் சாட்சிக்கு எழுதிய பங்கு மட்டும் செல்லாது. யாரோ ஒருவருடைய குடும்ப வழக்கில் பிறந்த இந்த ஒட்டு இன்று நம் ஊரில் பலரைக் கடிக்கிறது. அப்பாவின் உயிலில் மூத்த மருமகள் அன்போடு சாட்சிக் கையெழுத்துப் போடுவார். உயில் நிற்கும், அவருடைய கணவரின் பங்கு மட்டும் விழுந்துவிடும். சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கும் அந்தத் தடை பொருந்தும்.

1837இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு சட்டம் வந்தது. எழுத்து, அடியில் கையெழுத்து, 2 சாட்சிகள். இந்த மூன்று கால் முக்காலி பிரிட்டிஷ் கொடி போன இடமெல்லாம் போனது.

தமிழர்களாகிய நாம் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம்? நம் பழைய வழக்கில் உயிலுக்கு வேலையே இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறக்கும்போதே மகனுக்குப் பங்கு. சாகிறவரின் பங்கு இருக்கிறவர்களோடு சேர்ந்துவிடும். சாகிறவர் கையில் கொடுப்பதற்குத் தனியாக எதுவும் இருப்பதில்லை. மகன் இல்லையென்றால்? தத்து எடுத்துக்கொள்வார்கள். கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும் அதே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் வழி வேறு. டச்சுக்காரர்களுக்காக கிளாஸ் இசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமையில், மகளின் பங்கு சீதனமாகத் திருமணத்தன்றே கைமாறிவிடும். அதே டச்சுக் கம்பெனி 1784இல் கோலசிலாங்கூருக்கும் வந்து புக்கிட் மெலாவாத்திக் குன்றில் கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுவிட்டார். பிற்காலத்தில் இதே வட்டாரத் தோட்டங்களுக்குக் கிராணிமார்களாக வந்த யாழ்ப்பாணத்தாரின் வீடுகளில் சீதனப் பேச்சும் கூடவே வந்தது.

இந்தியர்களுக்கு உயில் பிடித்துப்போனது துறைமுகப் பட்டணங்களில்தான். வெள்ளைக்காரனோடு வியாபாரம் செய்தவர்கள் அவன் எழுதுவதைப் பார்த்துத் தாங்களும் எழுதினார்கள். கல்கத்தாவின் அமீர்சந்த் அவர்களில் ஒருவர். பிளாசிப் போருக்கு முன் கிளைவ் அவருக்காகச் சிவப்புத் தாளில் போலி ஒப்பந்தம் ஒன்றை எழுதிக் காட்டி ஏமாற்றியது எல்லோரும் அறிந்த கதை. உண்மை ஒப்பந்தம் வெள்ளைத் தாளில் இருந்தது. அதில் அவர் பெயரே இல்லை. தாளால் வஞ்சிக்கப்பட்ட அந்த மனிதர், 1758இல் சாகும்போது தாளையே நம்பி உயில் எழுதி வைத்தார். லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்துக்கும் அதில் பணம் ஒதுக்கியிருந்தார்.

சென்னைக்கு வந்தால், பச்சையப்ப முதலியாரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. துபாஷியாக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். ஆண் வாரிசு இல்லை. 1794 மார்ச் மாதம், நோயோடு இருந்தபோது, கும்பகோணத்தில் உயில் எழுதினார். கோயில் காரியங்களுக்கும் தருமத்துக்கும் சொத்தை எழுதிவைத்துவிட்டு, சில நாட்களில் திருவையாற்றில் கண்மூடினார். இந்து ஒருவர் தன் சொத்தையெல்லாம் இப்படி ஒரு தாளில் எழுதிவைக்கலாமா என்பதே அப்போது புதுமை. உறவினர்களும் பொறுப்பாளர்களும் மோதினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பணம் கரைந்தது, வட்டியும் ஏறியது. கடைசியில் அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயற்சியில் எஞ்சிய தொகை கல்விக்குத் திரும்பி, 1842இல் பள்ளிக்கூடமாக மலர்ந்தது. பிறகு அது பச்சையப்பன் கல்லூரி. எழுதிய நாளிலிருந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு! நல்ல உயிலும் நல்ல நிறைவேற்றுநர் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தமிழர் வரலாற்றில் இல்லை.

கல்கத்தாவில் பிரசன்னகுமார் தாகூர், கிறிஸ்தவரான தன் மகனை ஒதுக்கி உயில் எழுதினார். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், இந்துக்கள் உயில் எழுதும் உரிமை 1872இல் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைத்தது. ஆனால் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு எழுத முடியாது என்ற வரம்பும் கூடவே வந்தது.

கையெழுத்துத் தெரியாதவர்கள்? அதற்கும் வங்காளம் ஒரு வழி கண்டது. 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் அழுத்தினார். பின்னால் பேச்சு மாறக்கூடாது என்ற பயமுறுத்தல்தான் அப்போது அவர் நோக்கம். அதை ஆராய ஆராய, ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இல்லை என்ற உண்மை கிடைத்தது. 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியக்காரர்களின் விரல் ரேகையை அவர் முறைப்படி பதியத் தொடங்கினார். நம் தோட்டத்துப் பெரியவர்களின் 'கைநாட்டு' அந்த வழியில் வந்தது. உயிலிலும் அது செல்லும். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டி, புரிந்துகொண்டார் என்பதை எழுதிச் சேர்ப்பதுதான் முக்கியம்.

மலாயாக் கரையில் உயில் முதலில் பினாங்கில் இறங்கியது. அங்கே ஒரு சீனப் பெண்மணி, மூதாதையர் வழிபாட்டுக்காக ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி எழுதிவைத்தார். 1875இல் பிரிவி கவுன்சில் அதைச் செல்லாதென்றது. அந்த வழிபாட்டால் பயன் ஒரு குடும்பத்துக்கே என்பதால் அது பொதுத் தருமம் ஆகாது. தருமமல்லாத ஒன்றுக்குச் சொத்தை முடிவில்லாமல் கட்டிப்போடவும் கூடாது என்றார்கள். குலதெய்வத்துக்கோ வீட்டு வாசலில் இருக்கும் முனியாண்டிக்கோ நிலம் எழுத நினைக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்த வழக்கறிஞரை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. முஸ்லிம்களுக்கு வழி தனி. அவர்களுடைய வாசியாட் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மீதி ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமைக் கணக்கில் பிரியும். மலேசியாவின் உயில் சட்டமும் அவர்களைத் தொடுவதில்லை.

கோலசிலாங்கூருக்கு உயில் வந்துசேர்ந்தபோது, தோட்டத்துத் தமிழனிடம் அதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் பத்தாங் பெர்ஜுந்தாய் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தென்னமரம் என்றே பெயர், சுத்தத் தமிழ். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்த விதைகளோடு, 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் உருவானது. தோட்டத்துக்குப் பெயர் தமிழில், வேலை தமிழர் கையில். நிலம் மட்டும் தமிழருடையதல்ல. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். நாற்பது வருடம் குடியிருந்து, முன்னால் முருங்கை நட்டு, பின்னால் மாட்டுக் கொட்டகை கட்டியிருந்தாலும், அதைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியாது. பிள்ளைக்குப் போனது தாலிக்கொடி, இரண்டு வளையல், ஒரு பசு, ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு எந்த வக்கீலும் தேவைப்படவில்லை.

ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து லாரிகளில் ஏற்றப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். திரும்பி வராதவர்களுக்கு உயிலும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டு ஒரு செய்தியும் கேட்காதிருந்தால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாழ்ந்த பெண்களுக்கு அந்த ஏழாண்டுக் கணக்கை யார் போய்ச் சொன்னார்கள்?

எழுதுவதற்கு ஏதாவது சேரத் தொடங்கியது பிறகுதான். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகளுக்குத் தோட்டத்தில் பங்கு கிடைத்தது. அதற்குச் சற்று முன்னால், 1959இல், மலாயா தன் சொந்த உயில் சட்டத்தை எழுதிக்கொண்டது. அதன் முதுகெலும்பு 1837இன் ஆங்கிலச் சட்டம். அதன் பிறகு குறைந்த விலை வீடுகள் வந்தன. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் பெஸ்தாரி ஜெயாவிலும் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் சிறு வீடு வாங்கி, பெயர் போட்ட கெரான் என்ற நிலப் பத்திரத்தைக் கையில் வாங்கினார்கள். மூன்று தலைமுறையில் முதல் பத்திரம்.

உயில் எழுதாமல் போனால் சொத்து அநாதையாகிவிடாது. அதற்கு 1958இன் பகிர்வுச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் கால், அரை, கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. நிலமோ வீடோ உள்ள சிறு சொத்தாக இருந்தால் நில அலுவலகமே விசாரித்துப் பிரித்துக் கொடுக்கும். உயில் இருந்தால் உயர்நீதிமன்றம் போக வேண்டும், செலவு கூடும். ஆகவே, ஒரே ஒரு சிறு வீடு, பதிவான திருமணம், ஒற்றுமையான பிள்ளைகள் என்றால், பட்டியலே போதும் என்று நினைப்பவரை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியலுக்குக் கண் கிடையாது. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! 1982 மார்ச் 1க்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்கும். அதற்குப் பிறகு பதிவு இல்லையென்றால், முப்பது வருடம் சோறாக்கிப் போட்டவள் பட்டியலில் மனைவி அல்ல. அடுத்தது வளர்ப்புப் பிள்ளை. அக்காள் செத்தால் தங்கை எடுத்து வளர்ப்பதும், பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கொழுந்தனார் பெண்ணைக் கொடுப்பதும் நம்மிடம் சாதாரணம். தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போகாமல் வளர்ந்த பிள்ளைக்குப் பட்டியலில் ஒரு காசும் இல்லை. நம் முன்னோர் உயில் இல்லாத குறையைத் தத்துப்பிள்ளையை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். இன்று முறைப்படி தத்தெடுக்காத குறையை உயில் வைத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளை இல்லாத ஏதென்ஸ்காரருக்குச் சோலோன் திறந்த கதவு, 2,600 ஆண்டு கழித்து, ஜெராம் பக்கத்து வளர்ப்பு மகளுக்காகத் திறந்தே இருக்கிறது.

ஒரு சிக்கல் இங்கே அடிக்கடி நேர்கிறது. பதியாத துணைவிக்கு என்று உயில் எழுதிவிட்டு, பிறகு பிள்ளைகள் சொன்னார்கள் என்று பதிவு அலுவலகம் போய் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். திருமணம் முந்தைய உயிலை ரத்து செய்துவிடும். 'இன்னாரை மணக்கப்போகிறேன்' என்று உயிலிலேயே எழுதியிருந்தால் ஒழிய, பதிந்த கையோடு புதிதாக எழுதியாக வேண்டும். இன்னொன்று சேமநிதி. முஸ்லிம் அல்லாதவருக்கு, அங்கே யார் பெயரை நியமித்திருக்கிறாரோ அவருக்கே பணம் போகும்; உயில் அதை மாற்றாது. வேலைக்குச் சேர்ந்த வருடம் தங்கை பெயரைக் கொடுத்தவர், கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் அதை மாற்றியிருக்கமாட்டார்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1948 ஜூன் 8ஆம் தேதி சிசில் ஜார்ஜ் ஹாரிஸ் என்ற விவசாயி தன் டிராக்டரின் அடியில் சிக்கிக்கொண்டார். உயிர் பிழைக்கமாட்டோம் என்று தோன்றியதும், பேனாக்கத்தியை எடுத்துச் சக்கரத்தின் மேல்மூடியில் எல்லாம் மனைவிக்கே என்று கீறிக் கையெழுத்திட்டார். நீதிமன்றம் அந்தத் தகரத்தை உயிலாக ஏற்றது. அது இன்றும் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இருக்கிறது. அங்கே சொந்தக் கையெழுத்தில் எழுதினால் சாட்சி வேண்டாம். நம் ஊரில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரில் அப்படிக் கீறினால் செல்லாது. 18 வயது, தெளிந்த மனம், எழுத்து, அடியில் கையெழுத்து, ஒரே நேரத்தில் எதிரே நிற்கும் 2 சாட்சிகள். முத்திரைத்தாளோ வக்கீலோ கட்டாயமில்லை; இந்த ஐந்தும் கட்டாயம்.

கையெழுத்து சரியாக எந்த இடத்தில் என்று நீதிமன்றங்கள் அங்குலக் கணக்குப் பார்த்த கொடுமையை 1852இல் தளர்த்தியவர் செயின்ட் லெனார்ட்ஸ் பிரபு. இங்கிலாந்தின் தலைமை நீதி அமைச்சராக இருந்தவர், உயில் சட்டத்தில் கரை கண்டவர். 1875இல் அவர் இறந்தபோது பெட்டியைத் திறந்தார்கள். அவருடைய உயிலைக் காணவில்லை. அப்பாவுக்கு அடிக்கடி அதைப் படித்துக் காட்டிய மகள் சார்லட், நினைவிலிருந்து அதன் விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மறு ஆண்டு நீதிமன்றம் அதை ஏற்றது.

நம் வீடுகளில் கட்டிலுக்கு அடியில் அந்த இரும்புப் பெட்டி இன்னும் இருக்கிறது. மேலே ஒரு பட்டுப்புடவை. அதன் கீழே பிறப்புப் பத்திரங்கள், கெரான், கூட்டுறவுச் சங்கத்தின் பழுத்த பங்குச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்த அடகுச் சீட்டு. உயில் வைக்கும் இடம் அதுதான் என்றால் அதற்குமேல் செய்யவேண்டியது ஒன்றே: நிறைவேற்றுநராக யாரை எழுதினீர்களோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து காட்டி, சாவி சாமி மேடையில் எந்த விளக்குக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிடுவது. வளர்த்த பெண்ணும் அப்போது பக்கத்தில் இருக்கட்டும்.